அளவு எழுதாத சீட்டு

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் மாடியில் ஆய்வகம் இருந்தது. அங்கே குருவுக்கு வயது முப்பத்தேழு. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

குருவின் பெயர் ஜெபக்கனி. மருந்தை நுண்துகளுக்குள் அடைத்து உடம்புக்குள் அனுப்பும் வித்தையைப் படித்தவர். சீடர் ஆறுமுகநயினார். இருபத்தைந்து வருஷம் சித்த வைத்தியம் பார்த்துவிட்டு, அந்தப் படிப்புக்காக வந்து சேர்ந்தவர். சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை வைத்தியரய்யா என்பார். மற்ற மாணவர்கள் முதல் மாதம் சிரித்தார்கள். பிறகு பழகிப்போயிற்று.

சேர்ந்த அன்றே ஆறுமுகநயினார் ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், ஈரலுக்கு நல்லதுன்னு இத்தனை வருஷமா நிலவேம்பு கொடுத்துட்டு வாரேன். அதோட கசப்புச் சத்து புற்று செல்லைக் கொல்லுதுன்னு நீங்க எழுதியிருக்கீங்க. அப்போ என்கிட்ட கஷாயம் குடிச்ச புற்றுநோய்க்காரங்க ஏன் பிழைக்கல?"

ஜெபக்கனி எழுந்தார். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்தார். நிலவேம்பிலிருந்து பிரித்தெடுத்த வெள்ளைப் பொடியில் ஒரு சிட்டிகை போட்டார். கண்ணாடிக் குச்சியை அவர் கையில் கொடுத்தார்.

"கலக்குங்க."

கலக்கினார். அரை மணி நேரம் கலக்கினார். பொடி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"கரைய மாட்டேங்குதே."

"உடம்புக்குள்ளயும் அப்படித்தான். ஈரலுக்குப் போய்ச் சேரும் முன்னாடியே முக்கால்வாசி வீணாயிருது."

ஆறுமுகநயினார் யோசித்தார். "அப்போ இதுக்குச் சரியான அனுபானம் இல்ல."

மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேருவதற்காகத் தேனிலோ பாலிலோ நெய்யிலோ கலந்து கொடுப்பதைத்தான் வைத்தியர்கள் அனுபானம் என்பார்கள்.

ஜெபக்கனி சிரித்துவிட்டார். "நான் ஒரு வருஷம் நடத்துற பாடத்தை ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்க. அந்த அனுபானத்தைச் செய்யுங்க."

செய்வதற்கு மூன்று வருஷம் ஆயிற்று. உடம்பில் தானாகக் கரைந்துபோகும் ஒரு பொருளில் ஆறுமுகநயினார் நுண்ணிய துகள் செய்தார். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஐந்நூறை வரிசையாக வைக்கலாம், அத்தனை சிறியது. அதற்குள் கசப்புச் சத்தை அடைத்தார். வெளியே ஈரல் செல்கள் விரும்பி இழுத்துக்கொள்ளும் ஒரு வகைச் சர்க்கரையைப் பூசினார். முதல் வருஷம் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகப் போயின. இரண்டாம் வருஷம் சத்து வெளியே கசிந்தது. மூன்றாம் வருஷம் கசிவும் நின்றது.

ஈரலில் புற்றுக் கட்டி வந்த பத்து எலிகளுக்கு ஊசி போட்டார்கள். எட்டு எலிகளுக்குக் கட்டி சுருங்கியது. இரண்டு எலிகள் மூன்றாம் நாள் செத்துப்போயின. காரணம் தெரியவில்லை. சோதித்துப் பார்க்க அவற்றைக் கால்நடை மருத்துவர்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

அந்த வாரத்தில்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து ஆறுமுகநயினாரின் தங்கை கோமு போன் பண்ணினாள்.

"அண்ணே, அவுகளுக்கு ஈரல்ல கட்டியாம். புத்துன்னு சொல்லுதாங்க. ஆபரேசன் பண்ண முடியாதாம்."

அவள் புருஷன் இசக்கியப்பன் பஸ் டிரைவர். கோமுவுக்கு அண்ணனே பார்த்து முடித்த மாப்பிள்ளை.

மறுநாள் மத்தியானம் ஆறுமுகநயினார் குருவின் அறைக்குப் போனார். உட்காரவில்லை.

"மேடம், எனக்கு ஒரு குப்பி வேணும்."

"யாருக்கு?"

சொன்னார்.

"பெரிய டாக்டருங்க என்ன சொல்றாங்க?"

"மாத்திரை கொடுக்காங்க. கொஞ்ச நாள் தள்ளிப்போகுமாம். குணமாகாதாம். எப்படியும் போற உசுரு மேடம். கொடுத்துப் பாக்கதுல என்ன நஷ்டம்?"

ஜெபக்கனி எழுந்து போனார். ஐஸ் நிறைந்த ஒரு கிண்ணத்தோடு திரும்பி வந்தார். ஐஸ் நடுவில் ஒரு குப்பி செருகியிருந்தது. அதை மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைச் சீட்டையும் பேனாவையும் வைத்தார்.

"உங்க வைத்தியசாலையில மருந்து கொடுக்கும்போது சீட்டு எழுதுவீங்கல்ல? அதே மாதிரி எழுதுங்க."

ஆறுமுகநயினார் உட்கார்ந்தார். பெயர் எழுதினார். வயது நாற்பத்தொன்பது. எடை அறுபத்தொரு கிலோ. நோய் எழுதினார். மருந்து எழுதினார். அனுபானம் என்ற இடத்தில் துகளின் பெயரை எழுதினார்.

அளவு என்ற இடம் வந்தது.

எலிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்த அளவை ஓரத்தில் எழுதி, அறுபத்தொன்றால் பெருக்கினார். அடித்தார். எலியின் உடம்பு வேறு கணக்கு, மனுஷ உடம்பு வேறு கணக்கு என்பது அவருக்குத் தெரியும். பாதியாகக் குறைத்தார். கெட்டுப்போன ஈரல் அந்தப் பாதியைத் தாங்குமா? கால்வாசி ஆக்கினார். கால்வாசி என்பதற்கு என்ன ஆதாரம்? அதையும் அடித்தார்.

கிண்ணத்தில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. ஜெபக்கனி எதிரே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஆறுமுகநயினார் பேனாவை மூடினார்.

"இருபத்தஞ்சு வருஷத்துல அளவு தெரியாம ஒரு உருண்டைகூடக் கொடுத்ததில்ல மேடம்."

"தெரியும்."

"அவரு என் தங்கச்சி புருஷன்."

"அதுவும் தெரியும் ஐயா."

அவர் குப்பியைத் தொடாமல் எழுந்து போனார்.

அந்தச் சனிக்கிழமை அம்பாசமுத்திரம் போனார். இசக்கியப்பன் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது.

"மச்சான், அந்த மருந்தைக் கொண்டு வந்தீகளா?"

"இல்ல மாப்ளே."

"ஏன்? எலிக்குக் கேட்டுச்சுன்னு போன்ல சொன்னீகளே."

"எட்டுக்குக் கேட்டுது. ரெண்டு செத்துப்போச்சு. ஏன்னு தெரியல."

இசக்கியப்பன் தலையணையிலிருந்து நிமிர்ந்தார்.

"அந்த ரெண்டுல ஒண்ணா நான் இருந்தா இருந்துட்டுப் போறேன். கொடுங்களேன்."

"கொடுக்கப்போறது என் கை மாப்ளே. எவ்வளவு கொடுக்கணும்னு அந்தக் கைக்குத் தெரியல."

வாசலில் நின்றிருந்த கோமு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தீக அண்ணே" என்றாள். அடுக்களைக்குள் போனவள் அவர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனார். பெரிய டாக்டர்களிடம் பேசி வலிக்கு நல்ல மருந்து வாங்கிக் கொடுத்தார். வீங்கிய கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பிடித்துவிட்டார். இசக்கியப்பன் மலைப் பாதையில் பஸ் ஓட்டிய கதைகளைச் சொல்லுவார். மருந்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. பதினோராவது வாரம் காலமானார்.

பதினாறாம் நாள் விசேஷத்தில் கோமு எல்லோருக்கும் பரிமாறினாள். அண்ணன் இலையிலும் சோறு வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறுமுகநயினார் ஆய்வகத்துக்குத் திரும்பிய நாளில் எலிகளின் சோதனை முடிவு வந்திருந்தது. காகிதத்தை ஜெபக்கனிதான் நீட்டினார். ஆறுமுகநயினார் நின்றபடியே வாசித்தார்.

இரண்டு எலிகளுக்கும் நுரையீரலில் கிருமித் தொற்று. ஊசி போடுவதற்கு முன்பே இருந்தது. சாவுக்கும் மருந்துக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொரு முறை வாசித்தார்.

"மருந்து கொல்லல மேடம்."

"கொல்லல."

"இனி என்ன?"

"பெரிய பிராணிகளுக்குக் கொடுத்து அளவு பாக்கணும். அப்புறம் அனுமதி. அப்புறம்தான் மனுஷங்க. அஞ்சு வருஷம் ஆகலாம். பத்தும் ஆகலாம். நடுவுல ஒண்ணும் இல்லாமப் போனாலும் போகலாம்."

ஆறுமுகநயினார் காகிதத்தை மேஜையில் வைத்தார். அவர் கேட்க வந்தது அதுவல்ல.

"அன்னிக்கு அந்தக் குப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தா, மாப்பிள்ளை பிழைச்சிருப்பாரா?"

ஜெபக்கனி அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தெரியாது வைத்தியரய்யா."

ஆறுமுகநயினார் போகவில்லை. இன்னும் ஏதாவது வரும் என்று நின்றார். வெளியே கல்லூரி மணி அடித்தது. பிள்ளைகள் படியிறங்கும் சத்தம் கேட்டு அடங்கியது.

"பிழைச்சிருக்க மாட்டாருன்னு சொன்னா, இன்னிக்கு நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போவீங்க" என்றார் ஜெபக்கனி. "அதுவும் அளவு தெரியாத மருந்துதான். கொடுக்கட்டுமா?"

ஆறுமுகநயினார் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, மேஜையிலிருந்த காகிதத்தை மறுபடி எடுத்தார்.