நடுமணி யாருது?

ஒரு ஊர்ல ஒரு மணி கோக்கிறவ இருந்தாளாம். அவ பேரு அபரஞ்சி. பேருதான் அபரஞ்சி, வீட்டுல குந்துமணி தங்கம்கூடக் கிடையாது. அவ கோக்கிறதெல்லாம் மண்ணு மணி. மண்ணை உருட்டி, சூளையில வேக வெச்சு, மேல கண்ணாடி மாதிரி பளபளன்னு பூச்சு ஏத்துவாங்களே, பீங்கான் மணி, அது. செய்யறது வேற ஆளுங்க. இவ அதைப் பார்த்துப் பார்த்து, எது பக்கத்துல எது நிக்கணும்னு யோசிச்சு மாலையாக்குவா. காலை ஆட்டாம படுடி குட்டி. அத்தை ஒரு தடவைதான் சொல்லுவேன். ம் போடு.

"ம்."

அவளுக்கு ஒரே தங்கச்சி, செங்கமலம். அம்மா அப்பா இல்லாத பிள்ளைங்க. தலை வாரி விட்டதும் அக்காதான், காய்ச்சல் வந்தா பத்துப் போட்டதும் அக்காதான். அபரஞ்சிக்கு எல்லாம் தங்கமான குணம். ஆனா ஒரே ஒரு கெட்ட பழக்கம். யாரு என்ன கேட்டாலும் "ம்"னுடுவா, உன்ன மாதிரியே. மாட்டேன்னு சொல்ல அவளுக்கு வாயே வராது. பக்கத்து வீட்டுக்காரி, "உன் அம்மிய எடுத்துட்டுப் போகட்டுமா?"ன்னு கேட்டா. "ம்". அம்மி போயி மூணு வருஷமாச்சு, இவ பாவம் உரல்ல போட்டு மிளகாய் இடிச்சுக்கிட்டிருக்கா.

சிரிக்காதே. அப்புறம் கேளு.

செங்கமலத்துக்கு நல்ல இடத்துல சம்பந்தம் வந்துச்சு. பையன் தங்கமான பையன். பையனோட அம்மா இருக்காளே மரகதவல்லி, யம்மாடி! அவ இருமினாலே தெருவுல நாய் எழுந்து நிக்கும். அவ வந்து கூடத்துல உக்காந்து, வீட்டை மேலயும் கீழயும் பார்த்துட்டுச் சொன்னா: "எனக்குப் பத்து சவரன் வேணாம், இருபது சவரன் வேணாம். ஆனா மூளிக் கழுத்தோட பொண்ணு பந்தலுக்கு வந்துச்சு, என் பிள்ளையைக் கையோட கூட்டிட்டுத் திரும்பிடுவேன். சம்மதமா?"

அபரஞ்சி என்ன சொன்னா?

"ம்."

அதேதான்! பொன் வைக்கிற இடத்துல பூ வைக்கிறதுன்னு நாம கேள்விப்பட்டிருக்கோம். இவ மண்ணை வைக்கக் கிளம்பிட்டா. அதுவும் ஏதோ மண்ணு இல்ல. பார்த்தவன் பொன்னைப் பத்தி வாயே திறக்கக்கூடாது, அப்படி மூணு மணி வேணும்னு தேடிக்கிட்டுப் போனா.

அந்தப் பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோ. ஒரு மாலையில நடுவுல தொங்குற மணி யாரு கையால செஞ்சதோ, மாலைக்கு அவங்க பேருதான். ஊரே அப்படித்தான் சொல்லும். கோத்தவளை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அதனால மணி செய்யறவங்களுக்கு நடுவுன்னா உசுரு.

முதல்ல கடலோரத்துக்குப் போனா. அங்க நாச்சியார்னு ஒருத்தி, தனியா குடிசை போட்டு, தனியா சூளை வெச்சுக்கிட்டு இருந்தா. அன்னிக்குத்தான் சூளையைத் திறக்குறா. நூறு மணி! எல்லாம் நீலம், கண்ணைப் பறிக்குது. அபரஞ்சி ஆன்னு பார்த்துக்கிட்டிருக்கா. அப்போ நாச்சியார் ஒரு சுத்தியலை எடுத்தா. படார்! படார்! படார்! ஒவ்வொண்ணா உடைக்குறா!

"ஐயையோ அக்கா! என்ன பண்றீங்க?"

"நான் நினைச்ச நீலம் இல்ல இது." படார்!

தொண்ணூத்தொம்பதை உடைச்சுட்டா, பாவி. கடைசியா ஒண்ணு மிஞ்சுச்சு, நெல்லிக்காய் அளவுல. அதை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு, "இதுதான் மணி. காசு வேணாம், எடுத்துட்டுப் போ. ஆனா மாலைக்கு நடுவுல இதுதான் இருக்கணும். இல்லேன்னு தெரிஞ்சுது, கல்யாணப் பந்தல்லயே வந்து கழட்டிக்குவேன். சம்மதமா?"ன்னா.

"ம்."

அப்புறம் மலைமேல ஏறினா. அங்க இருளப்பன்னு ஒருத்தர். பேச்சே கிடையாது, சிடுசிடுன்னு இருப்பாரு. நெருப்புக்குள்ள இடுக்கியை விட்டாரு, செக்கச் செவேல்னு எரியற மணியை எடுத்தாரு, ஆற விடுவாருன்னு பார்த்தா, பக்கத்துல குவிச்சிருந்த காஞ்ச சருகுல தூக்கிப் போட்டாரு! குப்புன்னு தீ ஆள் உயரம் எழும்புச்சு. அபரஞ்சி அலறியடிச்சுக்கிட்டு ஒரு மரத்துக்குப் பின்னாடி ஓடிட்டா. புருவத்துல பாதி பொசுங்கிப் போச்சு.

புகையெல்லாம் அடங்குன பின்னாடி சாம்பலைக் கிளறினாரு. உள்ள ஒரு மணி, மயில் கழுத்து மாதிரி பச்சையும் செம்புமா மின்னுது. அதுவும் நெல்லிக்காய் அளவுதான். "நடுவுல வைக்கிறதுன்னா எடுத்துட்டுப் போம்மா. ஓரத்துல வெச்சா வந்து எடுத்துக்குவேன். என்ன சொல்ற?"

"அண்ணே, அது வந்து..."

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ம்"னுட்டா!

அப்புறம் மூணாவதா, சந்தைக்குப் பின்னாடி ஜைனம்பு வீடு. அந்தம்மா வெள்ளை மணியில சித்திரம் எழுதுவாங்க. எதால எழுதுறாங்கன்னு நினைக்குற? பூனை முடி! ஒத்தை முடியைக் குச்சியில கட்டி, மூச்சை அடக்கிக்கிட்டு எழுதுவாங்க. எழுதுறப்போ யாரும் மூச்சு விடக்கூடாது. அபரஞ்சியும் மூச்சை அடக்கினா. அடக்கினா, அடக்கினா, முகம் கத்திரிக்காய் மாதிரி ஆகி, தொப்புன்னு கீழ விழுந்துட்டா. தண்ணி தெளிச்சு எழுப்பி உக்கார வெச்சு, மணியைக் கையில குடுத்தாங்க. பார்த்தா, நெல்லிக்காய் அளவு மணியில முழுசா ஒரு தாமரைக் குளம்! ஆயிரம் இதழ் இருக்கும். இவளுக்கு அழுகையே வந்துடுச்சு.

"நடுவுல வெப்பியாம்மா? ஓரத்துல போட்டா எனக்கு மனசு தாங்காது, வந்து வாங்கிக்குவேன்"ன்னாங்க. தண்ணி தெளிச்சு எழுப்பின மனுஷிகிட்ட எப்படி மாட்டேங்குறது?

"ம்."

மூணு மணி. மூணு வாக்கு. நடு எத்தனை? ஒண்ணு! யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதைதான்.

கண்ணை மூடிக்கிட்டுக் கேளு. தூங்கிட்டியா?

"ம்."

தூங்கினவ எப்படிடி ம் போடுவ?

அப்புறம் வீட்டுக்கு வந்தா, முறத்துல துண்டை விரிச்சு மூணு மணியையும் வெச்சா. முதல்ல என்ன பண்ணினா, மூணு சரமா கட்டினா. சரத்துக்கு ஒரு நடு, ஆளுக்கு ஒரு நடு, பிரச்சினை தீர்ந்துச்சுன்னு நினைச்சா. தூக்கிப் பார்த்தா க்ளிங்! க்ளிங்! மணியோட மணி முட்டிக்குது. இன்னொரு முட்டு முட்டினா பூச்சு தெறிச்சுடும். நெஞ்சு பதறிப்போயி அவிழ்த்துட்டா.

அப்புறம் மூணையும் ஒரே கொத்தா நடுவுல கட்டினா. பட்டு நூலு. அழகாத்தான் இருந்துச்சு. ஆனா பீங்கான் மணிக்கு ஒரு குணம் உண்டு, ஓட்டையோட விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். நரநரன்னு நூலை அறுத்துக்கிட்டே வந்து, டப்! சிதறிப் போச்சு! நீலம் மடியில விழுந்துச்சு, பச்சை துண்டுல விழுந்துச்சு, தாமரைக் குளம் மட்டும் உருளுது, உருளுது, கடகடகடன்னு சாக்கடை ஓட்டையைப் பார்த்து உருளுது! செங்கமலம் "அக்கா!"ன்னு கத்துறா. அபரஞ்சி குப்புறப் பாய்ஞ்சா. ஓட்டை வாயில, இத்தனூண்டு இருக்கறப்போ, பிடிச்சுட்டா.

அப்படியே தரையில படுத்துக்கிட்டே அழுதா. "என்னால உன் கல்யாணம் நின்னுடும்டி"ன்னா. செங்கமலம் அக்கா பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டா. தன் கழுத்துல விரலை வெச்சுச் சும்மா ஒரு வட்டம் போட்டா. "அழாதேக்கா. எனக்கு எப்படி இருந்தாலும் சரிதான்"ன்னா. அந்த விரல் வட்டமா போறதை அபரஞ்சி பார்த்தா. பார்த்துக்கிட்டே இருந்தா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்துட்டா.

என்ன பண்ணினாங்கறதை இப்போ சொல்ல மாட்டேன். கல்யாணத்தன்னிக்குப் பார்த்துக்கோ.

கல்யாணமும் வந்துச்சு. டும் டும்னு மேளம். காலையில பந்தல் வாசல்ல யாரு? விசுக் விசுக்குன்னு நாச்சியார். அவ பின்னாடி தொம் தொம்னு இருளப்பன். அவர் பின்னாடி மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு ஜைனம்பு. மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க.

"நடுமணி என்னோடது, பார்க்க வந்தேன்"ன்னா நாச்சியார்.

"என்னதும்மா? என்னோடது"ன்னாரு இருளப்பன்.

"அல்லாவே! எனக்கில்ல வாக்குக் குடுத்தா?"ன்னாங்க ஜைனம்பு.

மேளம் நின்னு போச்சு. அபரஞ்சிக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்துச்சு. முகத்துல ஈயாடல. அப்போ மரகதவல்லி இடுப்புல கை வெச்சுக்கிட்டு வந்து நின்னா. "ஏண்டி, மூணு பேருக்குமா வாக்குக் குடுத்த?"

அபரஞ்சி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ம்"ன்னா. அவ ஆயுசுல சொன்ன ம்முலயே அதுதான் நிஜமான ம்மு.

"அப்போ கழட்டிக் குடு எங்க மணியை!" மூணு பேரும் ஒண்ணா கத்தினாங்க.

கழட்டினா கழுத்து மூளி. மூளின்னா மாப்பிள்ளை கிளம்பிடுவான். செங்கமலம் பந்தல் நடுவுல கண்ணுல தண்ணியோட நிக்குறா. அபரஞ்சி அதைப் பார்த்தா. வாயைத் திறந்தா.

"ம்ஹூம்."

என்னது! அபரஞ்சியா? அம்மிய வாங்கிட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரி மயக்கம் போட்டு விழுந்துட்டா. ஊரே வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது.

"கழட்ட மாட்டேன். நடு எங்கன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. யாரு மணி நடுவுல இருக்கோ, அவங்க கேக்கட்டும்"ன்னா.

நாச்சியார் ஓடி வந்து பொண்ணைப் பார்த்தா. சிவப்பு நூலு, இருபத்தோரு இழை முறுக்கினது. நெஞ்சுக்கு நேரா ஒரு மணியும் இல்ல! நீலம் ஒரு தோள் பக்கம், மயில் பச்சை மறு தோள் பக்கம். ஓட்டைக்குள்ள பித்தளைக் குழல் சொருகி, நூலு அறுபடாம கோத்திருக்கா. கொக்கி எங்க, ஆரம்பம் எங்க, முடிவு எங்க, ஒண்ணும் தெரியல. "பின்னாடி இருக்கும் நடு!"ன்னு நாச்சியார் சுத்திப் போனா. "நான் விடுவேனா?"ன்னு இருளப்பன் அவ பின்னாடி. பிடரியில தாமரைக் குளம் இருக்கிறதைப் பார்த்துட்டு, "முன்னாடி இல்லியா என்னுது?"ன்னு ஜைனம்பு அவரு பின்னாடி. இவங்க மாலையை அறுத்துடுவாங்களோன்னு பயந்து மரகதவல்லி அவங்க பின்னாடி. ஒரு சுத்து. ரெண்டு சுத்து. மூணு சுத்து!

கூட்டத்துல ஒருத்தன் கத்தினான்: "அடேயப்பா! சம்மந்தியம்மா மருமகளை வலம் வராங்கடோய்!" ஒரு கிழவி பக்தியா கன்னத்துல போட்டுக்கிட்டா. மேளக்காரன் என்னமோ சடங்குன்னு நினைச்சு டும் டும்னு ஆரம்பிச்சுட்டான்!

நாலு பேரும் மூச்சு வாங்கி, தலை சுத்தி நின்னாங்க. "எங்கடி நடு?"ன்னா மரகதவல்லி.

அபரஞ்சி குரல் நடுங்கிக்கிட்டேதான் சொன்னா. "மணியெல்லாம் சுத்தி இருக்கு. நீங்களும் சுத்தித்தான் நிக்கிறீங்க. நடுவுல யாரு நிக்கிறான்னு பாருங்களேன்."

பார்த்தாங்க. நடுவுல என் தங்கம் செங்கமலம், பயந்து போயி, கை கூப்பிக்கிட்டு நிக்குறா. அதுவரைக்கும் மணியைப் பார்த்தாங்க, நூலைப் பார்த்தாங்க, அந்தப் பொண்ணு மூஞ்சியை ஒருத்தரும் பார்க்கல. தொண்ணூத்தொம்பது மணியை உடைச்ச நாச்சியாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இருளப்பன் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டாரு. ஜைனம்பு கண்ணாடியைக் கழட்டிட்டு, "கண்ணு பட்டுடப் போகுது"ன்னு பொண்ணுக்கு நெட்டி முறிச்சாங்க.

"அப்போ இந்த மாலைக்கு யாரு பேரு?"ன்னு யாரோ கேட்டாங்க.

"செங்கமலம் மாலை"ன்னா நாச்சியார். அவளே சொன்னா!

மரகதவல்லி மருமக முகவாயைத் தூக்கிப் பார்த்தா. அப்புறம் சுத்தி நின்னவங்க மேல பாய்ஞ்சா: "மூளிக் கழுத்துன்னு எவடி சொன்னது? மேளத்தை நல்லாக் கொட்டச் சொல்லு!" சொன்னதே அவதான். யாரு அவகிட்ட அதைச் சொல்லுறது?

தாலி ஏறிடுச்சு. அப்புறம் மரகதவல்லி ரகசியமா அபரஞ்சிகிட்ட வந்து, "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு, நாளைக்குள்ள கோத்துக் குடுத்துடு. என்ன?"ன்னா.

"ம்ஹூம். மணி வேகணும். ஆறு மாசமாகும்."

தெருவையே நடுங்க வெச்சவ, "சரிம்மா"ன்னுட்டுப் போனா! அபரஞ்சி அன்னிக்குச் சாயங்காலமே பக்கத்து வீட்டுக்குப் போயி, மயக்கம் தெளிஞ்சு உக்காந்திருந்தவகிட்ட அம்மியையும் வாங்கிட்டு வந்துட்டா.

சுத்தின காலும் நின்னுச்சு, சொன்ன கதையும் நின்னுச்சு. கண்ணை மூடித் தூங்கணும், என்ன?

"ம்ஹூம்."

அடிப்பாவி மகளே!