பிலோமி நேர்ந்த முதல் குடம்

கதையைக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டபடி எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம். இருக்கிறவர்கள் கடைசியில் தீர்ப்புச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மணவிளைக்குடி என்ற கடற்கரை ஊரில் எங்கே தோண்டினாலும் உவர்தான் ஊறும். மாதா சொரூபம் வைத்த கெபிக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு கிணறு மட்டும் நல்ல தண்ணீர் கொடுத்தது. ஊரே அதில் கயிறு போட்டு இறைத்தது, பிலோமியைத் தவிர. உப்பளத்தில் மூட்டை சரிந்து விழுந்ததில் அவளுக்கு வலது தோள் போய்விட்டது. ஒற்றைக் கையால் கயிறு இழுக்க முடியுமா? அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக் கித்தேரிதான் தன் வீட்டுக்கு ஒரு குடம், பிலோமி வீட்டுக்கு ஒரு குடம் என்று சுமந்தாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் வாங்கிக் குடிக்கிறவளுக்கல்லவா தெரியும் அந்தத் தண்ணீரின் கனம்! கித்தேரி காய்ச்சலில் படுத்தால், 'ஐயோ பாவம்' என்பதற்கு முன்னால் 'நாளைக்குத் தண்ணீர்?' என்றுதான் பிலோமிக்குத் தோன்றும். அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஒருநாள் கெபியில் மெழுகுவத்தி ஏற்றி நேர்ந்துகொண்டாள். "தாயே, இந்தக் கிணத்துத் தண்ணியை என் ஒத்தக் கையால எடுக்க யார் வழி பண்ணுறாங்களோ, கிணறு குடுக்கிற முதல் குடம் அவங்களுக்குத்தான்."

இது பின்னால் நின்ற சந்தியாகுவின் காதில் விழுந்தது, அவர் வழியாக ஊர் முழுக்கத் தெரிந்தது. அவர் தோணியில் சுக்கான் பிடித்தவர். தோணியின் அடியில் கசிந்து சேரும் தண்ணீரைக் கைப்பம்பு அடித்து வெளியேற்றியே பாதி ஆயுளைக் கழித்தவர். "கடல் தண்ணியை ஏத்துற பம்பு கிணத்துத் தண்ணியை ஏத்தாதா?" என்று மணலிலேயே விரலால் படம் போட்டார். கிணற்றுக்குள் இறங்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் அடியில், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காதபடி ஒரு மூடி. மேலே, குழாய்க்குள் ஏறி இறங்கும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் குழாயை இறுக்கிப் பிடிக்க ஒரு தோல் வளையம், வாஷர். அவ்வளவுதான்.

தோலுக்கு எங்கே போவது? அதைக் கொடுத்தவர் இன்னாசி, ஊர்க் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பக்கத்து ஊரை ஜெயித்த பந்தை அந்தோணியார் படத்துக்குக் கீழே வைத்திருந்தவர். பெண்டாட்டி தொட்டால்கூடச் சண்டைக்குப் போவார். அவரே கத்தியை எடுத்துப் பந்தை அறுத்தார். "போகட்டும், கப்பு அலமாரியிலதான இருக்கு" என்றார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

முதலில் போட்ட கைப்பிடி குட்டையாக இருந்தது. பிலோமி அமுக்கிப் பார்த்தாள், அசையவில்லை. சந்தியாகு அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அவள் இடது கையை அளந்து, அதற்குத் தக்கபடி நீளமாக வேறொன்று செய்து வைத்தார்.

பிறகு கிணற்றின் வாயைக் கல் பலகையால் மூடி, சுற்றிலும் சிமெண்டு பூசி, நடுவில் குழாயை இறக்கினார்கள். இனி வாளி உள்ளே போகாது. மாலையில் ஊர் கூடியது. சந்தியாகு அடித்தார். 'புஸ்' என்றது. இன்னாசி அடித்தார். வெறும் காற்று. தோணியில் இப்படி ஆனதே இல்லையே என்று சந்தியாகு திருதிருவென்று விழித்தார். பாவம், தோணியடியில் எப்போதும் தண்ணீர் கிடக்கும். அங்கே தோல் காய்ந்து அவர் பார்த்ததே கிடையாது.

"இருந்த கிணத்தையும் மூடிட்டீங்களே பாவிகளா! ஒருத்திக்காக ஊரே நாக்கு வறளணுமா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. யாரோ கடப்பாரை எடுக்கப் போனார்கள். பிலோமிக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கித்தேரி முன்னால் வந்தாள். "தொண்டை காஞ்சவனைப் பாடச் சொன்னா பாடுவானா? முதல்ல அதுக்குக் குடிக்கக் குடுங்கய்யா" என்றாள். வீட்டுக்கு ஓடி, பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த கடைசிக் குடத்தைத் தூக்கிவந்தாள்.

"ஏ பைத்தியம், பிள்ளைக ராத்திரிக்கு என்னத்தைக் குடிக்கும்?" என்று நாலு பேர் தடுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. குழாயின் வாயில் குடம் முழுவதையும் கவிழ்த்தாள். குழாய் கழுத்துவரை நிறைந்தது. தோல் ஊறி உப்பியது.

"வா பிள்ள, நீ அடி" என்று பிலோமியைக் கூப்பிட்டாள்.

பிலோமி இடது கையால் அடித்தாள். களுக், களுக் என்றது. அப்புறம் தண்ணீர்! அவள் வைத்த குடம் ததும்ப நிறைந்தது. கடப்பாரையோடு வந்தவரே கைதட்டினார்.

அப்போதுதான் நேர்த்தியின் நினைவு எல்லோருக்கும் வந்தது.

"பம்பு நான் போட்ட படம். குடம் எனக்குத்தான்" என்றார் சந்தியாகு.

"என் பந்து இல்லைன்னா உம்ம படம் மணல்லதான்வே கிடந்திருக்கும்" என்றார் இன்னாசி.

கித்தேரி எதுவும் கேட்கவில்லை. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள்.

நிறைந்த குடம் ஒன்று, கொடுத்தவர்கள் மூன்று பேர். பங்கு போட்டால் அது முதல் குடம் ஆகாது. நேர்த்தி தவறினால் மாதாவுக்கு என்ன பதில் சொல்வது? பிலோமி நேர்ந்துகொண்ட வார்த்தைகளை இன்னொரு தடவை மனசில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: அந்தக் குடம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: குழாய்க்குள் ஊற்றியதுதானே முதலில் வெளியே வரும்? நிறைந்து நின்றது கிணறு கொடுத்த தண்ணீரே அல்ல, கித்தேரி ஊற்றிய தண்ணீர். அடுத்தவள் பொருளை எடுத்து நேர்த்திக்கடன் செலுத்தலாமா? அதனால் அந்தக் குடம் அதன் சொந்தக்காரிக்கே. கிணறு கொடுத்த முதல் குடம் அதற்கடுத்து வந்தது, அது சந்தியாகுவுக்கு. தண்ணீரை ஏற்றியது தோலும்தான், ஆனால் ஒத்தைக் கைக்கு வழி பண்ணியது அளந்து வைத்த அந்தக் கைப்பிடி. இன்னாசி கோபித்துக்கொள்ளவில்லை. "இனிமே ஊர்ல ஒவ்வொரு குடத்துக்குள்ளயும் என் பந்துதாம்ல கோல் போடும்!" என்று பெரிதாகச் சிரித்தார். ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கித்தேரிக்குச் சேர்ந்த அந்த நிறைகுடத்தைப் பிலோமி கிணற்றடியில் வைத்துக் கொடுக்கவில்லை. இடது இடுப்பில் சுமந்துபோய்க் கித்தேரி வீட்டு அடுப்படியில் இறக்கினாள். "யக்கா, உனக்குத் தண்ணி கொண்டாந்திருக்கேன்" என்றாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கித்தேரி அப்போதுதான் அழுதாள்.