தரையில் ஒட்டிய ஆபரேஷன் தியேட்டர்

மருத்துவமனைக்கு இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. காலி மனையில் ஒரு தகரக் கொட்டகைதான் நின்றது. ஆனால் கொட்டகைக்குள், கம்ப்யூட்டரில், ஐந்து மாடியும் எழும்பிவிட்டது. சுவர், குழாய், ஒயர் எல்லாவற்றையும் முதலில் அங்கே கட்டிப் பார்ப்பார்கள். ஒன்றோடொன்று இடிக்கும் இடத்தைக் கண்டவர், அது யார் வரைந்ததானாலும் அன்றே சொல்லிவிட வேண்டும். அங்கே இருந்த ஒரே சட்டம் அதுதான்.

சட்டம் போட்டவர் ரெஜினா மேடம். அவரிடம் இந்த வித்தையைக் கற்க வந்தவர்களில் மூத்தவர் தணிகாசலம். மேடத்தைவிடவே பத்து வயது பெரியவர். இருபது வருடம் வெயிலில் நின்று கட்டடம் கட்டிவிட்டு, வீம்பாக மவுஸ் பிடிக்கப் பழகிக்கொண்ட மனிதர். ஆபரேஷன் தியேட்டர் தன் கைக்குத்தான் வரும் என்று வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தார்.

அது நஸ்ரினுக்குப் போனது. வந்து எட்டு மாதம்கூட ஆகாத நஸ்ரினுக்கு! தணிகாசலத்துக்குக் கிடைத்தது வெறும் ஆக்ஸிஜன் குழாய்.

அன்றிலிருந்து அவருக்கு வயிறு எரிந்தது. அவள் சிரித்தால் எரிந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து, "எடுத்துக்குங்க சார்" என்று அவள் நீட்டினால் இன்னும் கூடுதலாக எரிந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். எல்லாருடைய வேலையையும் ஒன்றாகச் சேர்த்து டாக்டர்களுக்குத் திரையில் காட்டுவார்கள். பத்து மணிக்கே தணிகாசலம் மேடத்திடம் போய் நின்றார்.

"மேடம், தியேட்டரை ஏன் அந்தப் பொண்ணுகிட்ட கொடுத்தீங்க?"

"ஏன் சார், என்ன குறை?"

"பதினோரு மணிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்." வாய் முந்திக்கொண்டது.

மேடம் எழுந்தார். அவரைக் கொட்டகைக்குள்ளேயே தடுப்புக்குப் பின்னால் கூட்டிப் போனார். நர்ஸுகள் நடந்து பார்ப்பதற்காக, தியேட்டரின் சுவர்களை அசல் அளவிலேயே நீல டேப்பால் தரையில் ஒட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு இரும்புக் கட்டில்.

"படுங்க சார்."

"நானா?"

"நீங்கதான். மயக்க மருந்து கொடுத்தாச்சு. நெஞ்சைத் திறந்தாச்சு. உங்களுக்கு ஆக்ஸிஜன் எந்த வழியா வருது? காட்டுங்க."

அவர் போட்ட குழாய். தூக்கத்தில் கேட்டாலும் காட்டுவார். படுத்தபடியே தகரக் கூரையை நோக்கிக் கையை நீட்டினார்.

"அந்தச் சுவர்ல உள்ள வருது. மேல ஏறுது. இங்க திரும்பி..."

கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஏசி குழாய் குறுக்க வருது மேடம்." கையைக் கீழே போட்டார். "அவ போட்டது."

"எப்ப பார்த்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"அவகிட்ட சொன்னீங்களா?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் நஸ்ரின் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். தணிகாசலம் அவசரமாக எழப் பார்த்தார்.

"எந்திரிக்காதீங்க சார்," என்றார் மேடம். "பதினோரு மணிக்குத்தானே எல்லாருக்கும் தெரியணும்? அது வரைக்கும் அப்படியே படுத்திருங்க."