குழுவில் பேசாதவள்

பாதிப் பாடம் வகுப்பில், பாதி செல்போனில் என்று கல்லூரியில் புது ஏற்பாடு வந்தது. பேராசிரியர் ஞானப்பிரகாசம் வீடியோ போடுவார். மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் விவாதிக்க வேண்டும். விவாதம் என்ன விவாதம், "அருமையான விளக்கம் சார்" என்று ஆளாளுக்குப் போடும் கும்பிடுதான்.

தவமணி மட்டும் எழுதவில்லை. கல்லூரி முடிந்ததும் ஜவுளிக்கடை வேலையில் நின்று கால் கடுத்து வீடு திரும்புகிறவள். ஆனாலும் அன்று வந்த வீடியோவைக் கடைசிவரை பார்த்திருந்தாள்.

மறுநாள் வகுப்பில் பேராசிரியர் அவளை எழுப்பினார்.

"எல்லாரும் பாராட்டுறாங்க, உனக்கு மட்டும் கை வலிக்குதோ? வீடியோவில நான் சொன்னதை ஒரு வார்த்தை மாறாம இப்பச் சொல்லு. இல்லாட்டி இன்டர்னல் மார்க் பூஜ்யம்!"

தவமணி கொட்டாவியை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவரைப் போலவே கையை ஆட்டினாள், இல்லாத கண்ணாடியை ஏற்றிவிட்டாள், வாயை அசைத்தாள். சத்தம் மட்டும் வரவில்லை.

"என்ன, கேலியா? சத்தமாச் சொல்லு!"

"நீங்க சொன்னதைத்தான் சார் அப்படியே சொல்றேன். மைக்கை ஆன் பண்ணாமலே பேசியிருக்கீங்க."

அவர் செல்போனில் வீடியோவைப் போட்டார். உதடு அசைந்தது, அவ்வளவுதான். பாராட்டியவர்களின் தலைகள் மெல்லக் கவிழ்ந்தன.

பேராசிரியர் வாயைத் திறந்தார், மூடினார். இந்தத் தடவை பழி போட மைக்கும் இல்லை.