கேட்பவர் உண்டோ?

நிதானமாகக் கேளுங்கள். கேள்வி கடைசியில்தான் வரும். அதுவரை யார் பக்கமும் சாய்ந்துவிட வேண்டாம்.

ஒரே வளைகுடாவின் கரையில் மூன்று நாடுகள் இருந்தன. ஒரு காலத்தில் மூன்றும் சண்டையிட்டு, பிடித்த ஆட்களைப் பாதாளச் சிறையில் போட்டு மறந்துபோன நாடுகள். திரும்பி வராத ஒருவர் இல்லாத வீடே அங்கே இல்லை. சண்டை ஓய்ந்ததும் மூன்று நாட்டாரும் கூடி, செப்பேட்டில் ஒரு வாக்கை வெட்டினார்கள்: 'சிறையில் இருப்பவர் எவராயினும், உறவினர் வந்து கேட்டால் அவர் முகத்தைக் கோட்டை வாசலில் காட்டுவோம்.'

உவர்நாட்டு மன்னன் அதிரனுக்கு அந்த வாக்கில் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. ஆனால் பவளநாட்டு அரசி வல்லபி, செப்பேட்டில் முத்திரை வைப்பவர்களின் தோணிகளுக்குத்தான் தன் துறைமுகம் என்று சொல்லிவிட்டாள். அவன் நாட்டிலோ உப்பைத் தவிர விற்க வேறொன்றும் இல்லை. வைத்தான். வைத்ததோடு நில்லாமல், நல்ல பெயர் வாங்க ஒரு வழக்கத்தையும் தொடங்கிவைத்தான். பௌர்ணமிதோறும் காலைச் சந்தையில் முரசறைவோன் செப்பேட்டை வாசித்து, "கேட்பவர் உண்டோ?" என்று மூன்று முறை கூவ வேண்டும். பிறகு 'கேட்பவர் இல்லை' என்று ஓலையில் எழுதி மற்ற இரு நாடுகளுக்கும் அனுப்ப வேண்டும்.

"கூவட்டுமே! எவன் வாயைத் திறக்கப்போகிறான்?" என்று சிரித்தான் அதிரன்.

பத்தொன்பது வருடம் அவன் கணக்குத் தப்பவில்லை. சிறை மட்டும் நிரம்பிக்கொண்டே இருந்தது.

நாகம்மையின் கணவன் சீராளன், தோணிகளைப் பழுதுபார்ப்பவன். உப்பளத்தில் ஆட்களைக் கயிற்றால் பிணைத்து வேலை வாங்குவது அநியாயம் என்று நாலு பேர் நடுவில் சொன்னான். மறுநாள் ஆளைக் காணோம். அவள் கோட்டை வாசலுக்குப் போய் விசாரித்தாள். "அப்படி ஒருத்தன் இங்கே இல்லை" என்றான் காவலாளி. அவன் தோளில் கிடந்த துண்டின் நீலக்கரை, சீராளனுக்காக அவளே தன் கையால் தைத்தது.

துண்டு இங்கே என்றால் மனிதனும் இங்கேதான். இதை யாரிடம் சொல்வது? இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. வாயைத் திறந்தால் தன்னையும் பிடித்து உள்ளே போடுவார்கள். பால்குடி மறக்காத பிள்ளையை யார் எடுப்பார்கள்? இரண்டு பௌர்ணமி இதே யோசனையில் போயின. சந்தையில் முரசு கேட்கும்போதெல்லாம் குழந்தையை அணைத்துக்கொண்டு வேறு தெருவில் திரும்பிவிடுவாள்.

மூன்றாம் பௌர்ணமியன்று முரசறைவோன் மாறன் வழக்கம்போல் ஒரு கையால் ஈயை விரட்டிக்கொண்டே வாசித்தான். "கேட்பவர் உண்டோ?" ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றாம் முறை,

"உண்டு" என்றாள் நாகம்மை.

மாறனின் கோல் பாதி வழியில் நின்றது. "என்னம்மா இப்படிச் சொல்லிட்டே! பத்தொன்பது வருஷமா கேட்கிறேன், ஒருத்தரும் பதில் சொன்னதில்லை. பதில் வந்தா என்ன செய்யணும்னே எனக்குத் தெரியாதே!"

"எழுதுங்கண்ணே. சீராளன் பெஞ்சாதி நாகம்மை கேட்டாள்னு எழுதுங்க."

மீன் விற்கிறவள் ஒருத்தி குரல் கொடுத்தாள்: "என்ன முரசுக்காரரே, பதில் வந்தாச்சு. அடிக்கிறதா, வேண்டாமா?"

சந்தையில் நின்ற காவலாளி ஒருவன் மாறனின் காதருகே குனிந்தான். "வழக்கமான வரியையே எழுது. இல்லேன்னா உன் தலை உன்னுது இல்லை."

மாறன் ஓலையைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். "ஒரே வரியை எழுதி எழுதி விரல் மரத்துப்போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே, நடந்ததை நடந்தபடி எழுதினான். காவலாளி கோட்டைக்குப் போய்ச் சொல்வதற்குள் ஓலை கடல் ஏறிவிட்டது.

அரசி வல்லபி அதைப் படித்தாள். உவர்நாட்டு உப்பால் தங்கள் உப்பு விலைபோகவில்லை என்று அவளுடைய வணிகர்கள் வெகுநாளாக முறையிட்டு வந்தார்கள். 'முகம் காட்டும்வரை உங்கள் தோணிக்கு இங்கே இடமில்லை' என்று துறைமுகத்தைச் சாத்தினாள். அவளுடைய சொந்தச் சிறையின் வடபுறச் சாளரங்களிலோ, உள்ளே இருப்பவர் முகம் தெரியாதபடி கறுப்புத் திரை தொங்கியது. அவள் நாட்டில் இப்படி வாசிக்கிற வழக்கமும் இல்லை.

மழை பிடித்தது. தோணிகளில் உப்பு கரைந்தது. இருபது நாள் பொறுத்த அதிரன், பல்லைக் கடித்துக்கொண்டு சீராளனை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னான். முன்பல் இரண்டு இல்லை, தாடி மார்புவரை. ஆனால் உயிரோடு நின்றான். ஊரே பார்த்த முகத்தை இனி இல்லை என்று எப்படிச் சொல்வது? மறுநாளே விட்டுவிட்டார்கள். குழந்தை அப்பனை அடையாளம் தெரியாமல் வீறிட்டது. அப்புறம் தாடியைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது.

மூன்றாம் நாட்டின் சபையார் மகிழ்ந்து, வாக்கைக் காத்தவருக்கு என்று ஒரு வெண்சங்கை அனுப்பினார்கள். "நான் முத்திரை வைக்காவிட்டால் கேட்க வாக்கு ஏது?" என்றான் அதிரன். "நான் துறைமுகத்தைச் சாத்தாவிட்டால் நீ கதவைத் திறந்திருப்பாயா?" என்றாள் வல்லபி. "நான் எழுதாவிட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்குமா, தாயே?" என்றான் மாறன்.

இப்போது சொல்லுங்கள்: வாக்கைக் காத்தது யார்? சங்கு யாருக்குச் சேர வேண்டும்?

*

விடை: அதிரன் துறைமுகத்துக்காக முத்திரை வைத்தான், வல்லபி வணிகர்களுக்காகத் துறைமுகத்தைச் சாத்தினாள். இருவர் செய்ததும் பயன்பட்டது, ஆனாலும் இருவர் மனத்திலும் சீராளன் இல்லை. மாறன் பயந்துகொண்டே உண்மையை எழுதினான். மூவரில் அவனே மேல். ஆனால் பத்தொன்பது வருடம் அவனிடம் எழுத எதுவும் இருக்கவில்லையே! 'உறவினர் வந்து கேட்டால்' என்பதுதான் செப்பேட்டின் சொல். கேட்டது ஒருத்தி. சங்கு நாகம்மைக்கே. அவள் அதை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. பவளநாட்டுக்குப் போகும் முதல் தோணியில், திரை தொங்கும் சிறைக்கு வெளியே காத்திருக்கும் பெண்களுக்குக் கொடுத்தனுப்பினாள். அடுத்த பௌர்ணமிக் காலையில் வல்லபியின் கோட்டை வாசலில் சங்கு முழங்கியது. கூவிக் கேட்க அங்கே முரசறைவோன் எவனும் இல்லை. அந்தப் பெண்கள் தாங்களாகவே சொன்னார்கள், ஏழு குரலில்: "உண்டு."