நூற்றெட்டில் திறக்காத பூட்டு

“அம்மா, மயிலேறுக்குக் காவி குடுக்காதீங்க” என்றார் பரஞ்சோதி.

கோமதியம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஏன் வாத்தியாரே?”

பரஞ்சோதி கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். குருவான அம்மையைவிட வயதில் மூத்தவர். மடத்துக்கு வந்து வருஷக்கணக்காகிறது. இடுப்பில் இன்னும் வெள்ளை வேட்டிதான். மயிலேறும்பெருமாளோ நேற்று வந்தவன் மாதிரி. அவனுக்கு வருகிற பௌர்ணமியன்று காவி என்று அம்மை சொன்னதிலிருந்து வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை.

“அவன் இன்னும் வீட்டை விடலை அம்மா. பெட்டிக்குள்ள வீட்டுச் சாவியை வச்சிருக்கான்.”

அம்மை ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

“பெட்டி பூட்டித்தானே இருக்கும்?”



மலையடிவாரத்து மடம் அது. குரங்குகளின் தொல்லை தாங்காமல் எல்லோருடைய பெட்டிக்கும் பூட்டு வாங்க வேண்டியதாயிற்று. சாவிப் பூட்டு என்றால் ஓடையில் குளிக்கும்போது சாவி போய்விடுகிறது. அதனால் நம்பர் பூட்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி, மூன்று சக்கரம் வைத்தது.

வசமாக மாட்டிக்கொண்ட மனுஷன், தனக்குத் தெரிந்த பாடத்துக்குள் ஓடி ஒளிந்துகொண்டார்.

“அந்தப் பூட்டெல்லாம் சும்மா அம்மா. மூணு சக்கரம், ஒவ்வொண்ணுலயும் பத்து எண். பத்தைப் பத்தால பெருக்கி, திரும்பவும் பத்தால பெருக்கினா ஆயிரம். ஆயிரத்துல ஒரே ஒரு எண்ணுக்குத்தான் திறக்கும்னு கடைக்காரன் சொல்லுவான்.”

“ஆயிரத்தையும் போட்டுப் பார்த்தீங்களா?”

“அது எதுக்கு? வளையத்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஒரு சக்கரத்தை மெதுவா உருட்டணும். சரியான எண் வந்ததும் லேசா ஒரு பள்ளத்துல விழுற மாதிரி விரலுக்குத் தெரியும். அதை அப்படியே விட்டுட்டு அடுத்த சக்கரம். ஆயிரம் எங்க? பத்தும் பத்தும் பத்தும் முப்பதுதான். பெருக்கல் கூட்டலாயிருது அம்மா!”

முகம் மலர்ந்துவிட்டது. கரும்பலகை முன்னால் நிற்கிற நினைப்பு.

“எல்லாப் பூட்டுக்கும் முப்பது தடவை உருட்டணுமோ?”

“அதுவும் வேண்டாம். இங்க நூத்தெட்டைப் போட்டாலே திறந்துரும். சாமி கும்பிடுறவங்க வேற எந்த எண்ணை வைக்கப் போறாங்க? மயிலேறு பூட்டு மட்டும்தான் நூத்தெட்டுல திறக்கலை. அங்கதான் எனக்குச் சந்தேகமே வந்தது. பக்தி உள்ளவன்னா...”

நிறுத்தினார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

அம்மை கீரையைக் கீழே வைத்தார்.

“மத்த பூட்டெல்லாம் திறந்ததா?”

வாத்தியார் வேட்டி நுனியைத் திருகினார்.

“என் பூட்டுமா?”

வாத்தியார் தலையை மட்டும் அசைத்தார்.

“உங்க பூட்டுக்கு என்ன எண்? நூத்தெட்டா?”

“இல்லை அம்மா. எல்லாரும் அதைத்தான் வைப்பாங்கன்னு தெரியுமே. அதனால நான்...”

“உங்களுது நூத்தெட்டு இல்லைன்னா அது கணக்கு. அவனுது இல்லைன்னா பக்தி குறைச்சலா?”

உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை கூசியது வாத்தியாருக்கு.

“அந்தச் சாவியை அவன் வந்த அன்னைக்கே என் முன்னால கொண்டாந்து வச்சான். தூக்கிப் போடணும்னு உனக்கா தோணுற வரைக்கும் நீயே வச்சிருன்னு நான்தான் சொன்னேன்.”

வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பிளந்து வழி விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

“குரங்குக்குப் பயந்து வாங்கின பூட்டு” என்றார் அம்மை. “குரங்குங்க அதைத் தொடக்கூட இல்லை.”



“நான் மடத்தை விட்டுப் போயிருதேன் அம்மா.”

“போங்க. சாயங்காலம் ஒரு பாடம் நடத்திட்டுப் போங்க.”

“என்ன பாடம்?”

“பெருக்கல் எப்படிக் கூட்டலாகுதுங்கிற பாடம்” என்று சொல்லிவிட்டு அம்மை மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் பூஜை முடிந்ததும் எல்லோரும் ஆளுக்கொரு பூட்டோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மையும் தன் பூட்டைக் கொண்டுவந்து, பின்வரிசையில் மாணவி மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

வாத்தியார் நடத்தினார். குரல் உடைந்து உடைந்து வந்தது. ஆனாலும் பாடத்தில் குறை வைக்கவில்லை. வளையத்தை எப்படி இழுப்பது, சக்கரத்தை எப்படி உருட்டுவது, விரல் நுனியில் எதைத் தேடுவது, எல்லாவற்றையும் சொன்னார்.

முதலில் திறந்தது அடுக்களை பார்க்கிற செண்பகவல்லி. கையில் திறந்த பூட்டோடு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

“அய்யோ, இவ்வளவு லேசா! வாத்தியாரே, நீங்க யார் பூட்டுல பழகினீங்க?”

விளையாட்டாகத்தான் கேட்டாள்.

கல்லூரியில் என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அம்மை நிமிர்ந்து பார்ப்பாரோ என்று பார்த்தார். அம்மை தன் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“உங்க பூட்டுல” என்றார் வாத்தியார். “எல்லார் பூட்டுலயும். நீங்க ஓடைக்குப் போற நேரமாப் பார்த்து உங்க பெட்டியெல்லாம் திறந்து பார்த்திருக்கேன்.”

சிரிப்பு நின்றது.

“மயிலேறு, உன் பெட்டியில சாவியைப் பார்த்துட்டு அம்மாகிட்ட கோள் சொன்னேன். உனக்குக் காவி கிடைச்சிரக் கூடாதுன்னு சொன்னேன்.”

யாரும் திட்டவில்லை. செண்பகவல்லி மெதுவாகத் திரும்பி, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தன் பூட்டின் எண்ணை மாற்ற ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்தவரும் திரும்பினார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். கூடம் முழுக்கச் சக்கரம் உருளும் சத்தம் மட்டும் டிக் டிக்கென்று கேட்டது. அடித்திருந்தால் தாங்கியிருப்பார். இந்தச் சத்தம் தாங்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எதிரே ஒருவர் வந்து உட்காருவது தெரிந்தது.

மயிலேறு. கையில் பூட்டு.

“வாத்தியாரய்யா, எனக்கு இதுல எண் மாத்தத் தெரியாது. கடையில வாங்கினப்போ இருந்த மூணு சைபர்தான் இன்னைக்கு வரைக்கும். நீங்களே ஒரு எண் வச்சுத் தாங்க.”

வாத்தியார் கையை நீட்டவில்லை.

“நான் வச்சா எனக்குத் தெரிஞ்சுருமே மயிலேறு.”

“தெரியட்டும். நான் மறந்துட்டா வேற யார்கிட்ட போய்க் கேப்பேன்?”