தோட்டுக்குப் பெயர் சொன்னவர்

பெரிய வீட்டில் ஒரு பெண்பிள்ளைக்கு முதன்முதலாக நகை பூட்டும்போது, மடத்திலிருந்து ஒருவர் போய் ஒவ்வொரு நகைக்கும் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சபையில் சொல்ல வேண்டும். அந்த ஊர் வழக்கம் அது. இந்த முறை சொல்ல வேண்டியவர் தவசிக்கனி.

முந்தின நாளே பெரிய வீட்டுக் காரியஸ்தர் மடத்துக்கு வந்துவிட்டார்.

"மத்ததெல்லாம் உம்ம இஷ்டம்வே. தோடுன்னா பனையோலைன்னு மட்டும் சொல்லிராதீரும். வீட்டு எசமானி நாச்சியாருக்குப் பிடிக்காது."

"தோடு என்றாலே ஓலைதானே? ஓலையைச் சுருட்டித்தான் முதலில் காதில் போட்டார்கள். பிறகு பொன்னில் செய்தார்கள். பெயர் மட்டும் மாறவில்லை."

"தங்கத்துக்கு ஓலையா அப்பன்? சூரியன் சந்திரன்னு ஏதாவது எடுத்து விடும். மீறிச் சொன்னீர்னா, உம்மை மடத்தை விட்டு அனுப்பச் சொல்லி ஆள் வரும்."

மடத்துக்குத் தலைவி உலகம்மை. அவரிடம் பாடம் கேட்கத் தலை நரைத்த பிறகு வந்து சேர்ந்தவர் தவசிக்கனி. அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

"சொல்லத்தான் போகிறேன் அம்மா," என்றார், காரியஸ்தர் போன பிறகு.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "சொல்."

"அனுப்பிவிடுவார்கள்."

"அனுப்பட்டும்."

"பிறகு ஏன் மனம் ஆறமாட்டேன் என்கிறது?"

"யாருக்காகச் சொல்லப் போகிறாய்?"

"உண்மைக்காக."

உலகம்மை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு கீரையைப் பார்த்தார்.

தவசிக்கனியின் அப்பா பனையேறி. அந்த ஊரில் அது உலகம்மைக்கு மட்டும்தான் தெரியும். அத்தனை பொன்னுக்கும் நடுவில் 'ஓலை' என்று சொன்னால் பெரிய வீட்டு முகங்கள் எப்படிச் சுருங்கும் என்று தவசிக்கனி பலமுறை நினைத்துப் பார்த்திருந்தார். நினைக்க நினைக்க இனித்தது. உண்மை இப்படியா இனிக்கும் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். சொல்வது என்ற முடிவு மட்டும் அசையவில்லை.

மறுநாள் பந்தல் நிறையக் கூட்டம். உலகம்மையும் வந்து முன்னால் உட்கார்ந்தார். பிள்ளையின் காலிலிருந்து தொடங்கினார்கள்.

"கொலுசு தெலுங்குச் சீமைச் சொல். அங்கே சங்கிலிக்கு அதுதான் பெயர்," என்றார் தவசிக்கனி. பூட்டினார்கள். "வளைந்திருப்பதால் வளையல். தீங்கு அண்டாமல் காக்கக் கட்டியது காப்பு."

"மூக்குத்திக்கு நானே சொல்லுதேன்," என்றாள் பிள்ளையின் அத்தை. "மூக்கைக் குத்திப் போடுதோம், மூக்குத்தி. இதுக்கு எதுக்கு மடத்துச் சாமி?"

பந்தல் சிரித்தது.

கடைசியாகத் தோடு. காரியஸ்தர் கனைத்தார். தவசிக்கனி நிமிர்ந்து நின்று மூச்சை இழுத்தார்.

"நல்ல நேரம் போகுது. பேரைப் பெறகு சொல்லலாம், தோட்டைப் போடுங்க," என்றார் நாச்சியார்.

காது குத்திய புண் இன்னும் ஆறவில்லை. தோட்டின் தண்டோ தடிமன். நகை செய்த பத்தர் தள்ளிப் பார்த்தார். இரத்தம் கசிந்தது. பிள்ளை வீறிட்டாள்.

"செம்பகம், கொஞ்சம் பொறுத்துக்கடி. என் கண்ணுல்லா!" என்று பிள்ளையைச் சேர்த்து அணைத்தார் நாச்சியார்.

"தோடு என்றால்," என்று தவசிக்கனி உரக்கத் தொடங்கினார். அழுகையில் யார் காதிலும் விழவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். பிள்ளை அவர் குரலுக்குப் பயந்து இன்னும் பெரிதாக அலறினாள்.

"தவசி," என்றார் உலகம்மை. "உனக்கு ஓலை சுருட்டத் தெரியுமா?"

தவசிக்கனி பந்தலில் கட்டியிருந்த பனங்குருத்தில் ஒரு கீற்றைக் கிழித்தார். மஞ்சள் தண்ணீரில் கழுவினார். அக்காவின் காதுக்கு அப்பா சுருட்டிக் கொடுத்ததைப் பார்த்துப் பழகிய கை அது. சுருள் சின்னதாக, இறுக்கமாக வந்தது.

"பழகின கையால்லா இருக்கு! பனங்காட்டு ஆளாவே நீரு?" என்றார் காரியஸ்தர்.

"ஆமா. எங்கப்பா பனையேறி," என்றார் தவசிக்கனி. சுருளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, பத்தரின் தோட்டை மெல்ல விலக்கிவிட்டு, சுருளைச் செருகினார். குருத்து தானாகக் கொஞ்சம் நெகிழ்ந்து காதுக்குள் நின்றது. மற்றக் காதிலும் செருகினார். அழுகை விசும்பலாகி, விசும்பலும் அடங்கியது. பிள்ளை நாச்சியார் மடியில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள்.

நாச்சியார் ஓலையைப் பார்த்தார். தவசிக்கனியைப் பார்த்தார்.

"அப்ப எல்லாம் முடிஞ்சுது. நீரு கிளம்பலாம்வே," என்றார் காரியஸ்தர் அவசரமாக.

தவசிக்கனி உலகம்மையிடம் போய்க் குனிந்தார். "தோட்டுக்கு நான் இன்னும் பெயர் சொல்லவில்லையே அம்மா. விட்டுவிடட்டுமா?"

"ஏன் விட வேண்டும்? சொல்," என்றார் உலகம்மை. "பிள்ளை விழித்துவிடாமல் சொல்."